நீர்க்கடுப்பு என்று வந்தவர்: பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர். மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை விடாமல் சாப்பிடுபவர். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று குலசேகரம் பக்கத்தில் உள்ள எங்கள் சிறிய கிளினிக்குக்கு வந்தார். எரிச்சல் தொடங்கி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவர் கையில் இருந்த பிளாஸ்டிக் பையில் மூன்று விதமான ஆன்டிபயாடிக் அட்டைகள், பாதி காலியான ஒரு சிரப் பாட்டில், பிதுக்கிப் பிதுக்கிச் சுருண்டுபோன ஒரு களிம்பு டியூப். இத்தனையும் கொடுக்கப்பட்ட பிறகும், எரியும் இடத்தை அதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதே அதனால்தான். சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வருவதற்கு முன்

முதலில் லேசான அரிப்பு. அப்புறம் சிறுநீர் போகும்போது எரிச்சல். வீட்டில் கேட்டதற்கு 'சூடு' என்றார்கள். காலையில் வெறும் வயிற்றில் அக்கானி (பதநீர்), மத்தியானம் இளநீர், ராத்திரி சீரகத் தண்ணீர். இளநீரும் தண்ணீரும் சிறுநீரின் கடுமையைக் குறைக்கும், அதில் தவறில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர் தினம் இரண்டு டம்ளர் அக்கானி குடிப்பது வேறு விஷயம். பனையிலிருந்து இறக்கியதானாலும் அதில் இருப்பது சர்க்கரைதான். கருப்பட்டிக்கும் இதே கதைதான். வெள்ளைச் சீனியை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு கருப்பட்டிக் காப்பியை நாலு வேளை குடிப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

குறையவில்லை என்றதும் மருந்துக் கடை. யூரின் இன்ஃபெக்ஷன் என்று ஐந்து நாளுக்கு மாத்திரையும், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் சிரப்பும் கொடுத்தார்கள். சிரப் குடித்த அன்று கொஞ்சம் சுகம் தெரிந்தது. பிறகு பழையபடியே. அடுத்து வேறொரு ஆன்டிபயாடிக், அதன் பின் இன்னொன்று. இதற்கிடையில் ஆணுறுப்பின் முன்தோல் சிவந்து வெடித்திருப்பதை அவரே கவனித்திருக்கிறார். தோல் என்றதும் கடைக்காரர் ஒரு களிம்பைக் கொடுத்தார். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கான மருந்து, பாக்டீரியாவுக்கான மருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்த டியூப். போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிட்டது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. மறுபடி போட்டார். இப்படியே ஐந்து வாரம்.

இதெல்லாம் போதாதென்று, அழுக்கினால் வந்திருக்கும் என்று நினைத்து தினமும் இரண்டு வேளை டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் தொட்டுத் துடைத்திருக்கிறார். இதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். ஆண்களிடம் இந்தக் கேள்வியை நேராகக் கேட்காவிட்டால் பதில் வராது. என்ன சோப்பு, என்ன எண்ணெய், என்ன திரவம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எரிவது எங்கே

கூட வந்திருந்த அத்தானை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினேன். துணைக்கு வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தப் பேச்சுக்கு அவர் இடைஞ்சல்.

"ஒண்ணுக்குப் போகத் தொடங்கும்போதே உள்ளே குழாய் நெடுக எரியுதா? முடியிற நேரத்துல அடிவயித்துல கடுக்குதா? இல்ல, வெளியே வந்து தோல்ல படும்போது எரியுதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வெளிய வரும்போதுதான் டாக்டரே. உள்ள ஒண்ணும் தெரியல்ல. நுனியில பட்டதும் உயிரு போவுது. போயி முடிஞ்ச பொறவும் கொஞ்ச நேரம் நிக்காது. நடந்தா ஜட்டி உரசி இன்னும் எரியும்."

பாதி நோயறிதல் இந்தப் பதிலிலேயே இருக்கிறது. சிறுநீர்ப் பையில் தொற்று என்றால் அடிக்கடி போக வேண்டும், அடக்க முடியாது, போய் முடிக்கும்போது அடிவயிறு கடுக்கும், சிறுநீர் கலங்கி நாறும். சிறுநீர்க் குழாயில் தொற்று என்றால் தொடக்கத்திலிருந்தே உள்ளே எரியும். துளையில் சீழோ கசிவோ இருக்கும். காலையில் உள்ளாடையில் கறை தெரியும். புராஸ்டேட் சுரப்பி வீங்கினால் விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கனமான வலி, சிலருக்குக் குளிர் காய்ச்சல். கல் என்றால் விலாவிலிருந்து தொடைப் பக்கம் இறங்கும் வலி. இவருக்கு இவை எதுவும் இல்லை. புண்ணான தோலில் உப்பும் யூரியாவும் கலந்த நீர் படுவதால் வரும் எரிச்சல் இது. சிறுநீரகத்தை அது தொட்டிருக்கவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆணின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 20 செ.மீ. நீளம். அதனால் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள ஆணுக்குச் சிறுநீர்ப் பைத் தொற்று பெண்களுக்கு வருவதுபோல அடிக்கடி வருவதில்லை. அந்த வயதில் எரிச்சல் என்று வந்தால், பரிசோதனை எதுவும் செய்யாமல் யூரின் இன்ஃபெக்ஷன் மருந்தை எழுதுவதில் தவறிப்போகும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து, கேட்கத் தயங்கும் கேள்வி. "இதை இந்தப் பிரச்சினையோட வர்ற எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். மனைவியைத் தவிர வேற யாரோடயும் உறவு இருந்ததா? இருந்திருந்தாலும் நான் ஒண்ணும் நினைக்கப்போறதில்ல. மருந்து மாறும், அவ்வளவுதான்." இல்லை என்றார். சொன்னதும் கண் கலங்கிவிட்டது. களிம்பு போடுவதை மனைவி பார்த்துவிட்டாராம். ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து பிள்ளைகளோடு போய்ப் படுத்துக்கொள்கிறாராம். இந்த மனிதரை இரண்டு மாதம் தூங்கவிடாமல் செய்ததில் எரிச்சலைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

பார்த்தது

முன்தோல் சிவந்து தடித்திருந்தது. அதன் விளிம்பில் சுற்றிலும் மெல்லிய நெட்டுவெடிப்புகள். பின்னுக்கு இழுத்தால் வலி. முக்கால் பங்குதான் வந்தது. ஆணுறுப்பின் நுனி மொட்டின் மேல் பளபளக்கும் சிவப்பு, அங்கங்கே கடுகு அளவில் சிவந்த புள்ளிகள், மடிப்பில் தயிராடை போன்ற வெள்ளைப் படலம். துளையில் சீழ் இல்லை, அமுக்கிப் பார்த்தும் வரவில்லை. கொப்புளம் இல்லை, ஆழமான புண் இல்லை, இடுப்பு மடிப்பில் நெறி கட்டவில்லை. விரைகள் இரண்டும் இயல்பு.

தண்டின் தோலும் விரைப்பையின் முன்புறமும் வேறுவிதமாக இருந்தன. அங்கே புள்ளிகள் கிடையாது. வறண்டு, தோல் உரிந்து, தொட்டாலே எரியும் சிவப்பு. டெட்டால் பட்ட இடத்தோடு அந்த எல்லை சரியாகப் பொருந்தியது. வேலையைப் பற்றிக் கேட்டபோது இன்னொன்றும் வந்தது. அவர் பால் வெட்டுவதோடு ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்திலும் நிற்பவர். பாலை உறைய வைக்க அங்கே ஃபார்மிக் அமிலம் கலப்பார்கள். வேலைக்கு நடுவில் ஒண்ணுக்குப் போனால் போன பிறகுதான் கை கழுவுவார். முன்பு கழுவும் வழக்கம் இல்லை. அமிலமோ, சிமென்டோ, பூச்சி மருந்தோ, அரிந்த மிளகாயோ தொட்ட கையால் அந்த இடத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட வேலை செய்பவர்கள் சிறுநீர் கழிக்கும் முன்பும் கையைக் கழுவ வேண்டும்.

தோலை மெதுவாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் முளைவிடும் ஈஸ்ட் செல்களும் இழைகளும் தெரிந்தன. கேண்டிடா பூஞ்சை. சிறுநீரில் சீழ் செல்கள் இயல்பான அளவே, பாக்டீரியாவைக் காட்டும் நைட்ரைட் இல்லை. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. பால்வினை நோயான சிபிலிஸுக்குச் செய்யும் விடிஆர்எல் சோதனையும், அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எடுத்த எச்ஐவி சோதனையும் நெகட்டிவ்.

சிறுநீரில் சர்க்கரை மட்டும் நாலு பிளஸ்.

நாலு பிளஸ் எங்கிருந்து வந்தது

சர்க்கரை நோயாளிக்கு மொட்டில் பூஞ்சை என்றதும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். முன்தோல் வெடித்து இறுகிப்போய் வந்து, அப்போதுதான் சர்க்கரை நோய் இருப்பதே தெரிய வந்தவர்கள் பலர். ஆகவே இந்தத் தொல்லையோடு வரும் எந்த ஆணுக்கும் ரத்தச் சர்க்கரை பார்க்காமல் அனுப்பக்கூடாது.

ஆனால் இவருக்கு வெறும் வயிற்றில் 138, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.3. தினமும் அக்கானி குடித்தும் இவ்வளவுதான். ரத்தத்தில் ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடத் தொடங்கும். 138 உள்ளவரின் சிறுநீரில் நாலு பிளஸ் வர வேறு காரணம் இருக்க வேண்டும். பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துவரச் சொன்னேன். ஐந்து மாதத்துக்கு முன்பு மெட்ஃபார்மினோடு டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்க்கப்பட்டிருந்தது.

இந்த மருந்து வேலை செய்யும் விதமே அதுதான். சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப ரத்தத்துக்கு இழுக்கவிடாமல் தடுத்து, சிறுநீரோடு வெளியேற்றும். சர்க்கரை நோயாளியிடம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் இப்படிப் போகும். ரத்தச் சர்க்கரை நல்ல அளவில் இருந்தாலும் சிறுநீர்ச் சர்க்கரை நாலு பிளஸ் காட்டும். அதைப் பார்த்து யாராவது மருந்தின் அளவைக் கூட்டினால் அது தவறான சிகிச்சை. சிறுநீர் கழித்த பின் முன்தோலுக்கு உள்ளே தங்கும் கடைசிச் சொட்டுகளிலும் இந்தச் சர்க்கரை இருக்கிறது. ஈரம், சூடு, சர்க்கரை மூன்றும் சேர்ந்தால் கேண்டிடா வளர வேறென்ன வேண்டும்? விடியுமுன் தோட்டத்துக்குப் போய், வியர்வையிலும் பனி ஈரத்திலும் நனைந்த துணியோடு மத்தியானம் வரை நிற்பவர் இவர். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால், துணி நன்றாகக் காயாத மாதங்களும் நமக்கு அதிகம்.

இந்த மருந்து கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இது ஆயுளைக் காக்கும் மருந்து. அதற்கான பெரிய ஆய்வுகள் 2019-லும் 2020-லும் வெளிவந்தன. இந்தியாவில் 2020 அக்டோபரில் இதன் காப்புரிமை முடிந்ததும் விலை இறங்கி, தோட்டத் தொழிலாளியும் வாங்கக்கூடியதாக ஆனது. நல்ல விஷயம்தான். எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. மாத்திரை ஊருக்குள் வந்த வேகத்தில் அதோடு சொல்ல வேண்டிய இரண்டு வரி வரவில்லை: "இது சிறுநீர்ல சர்க்கரையை இறக்கும். ஒண்ணுக்குப் போன பிறகு தோலை விலக்கிக் கழுவி ஈரம் ஒத்தி எடுங்க. அரிப்பு வந்தா உடனே சொல்லுங்க." இவரிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால், அரிப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே வந்திருப்பார்.

ஆக மூன்று தொல்லைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. அடியில் மருந்தோடு சேர்ந்து வந்த பூஞ்சை. அதன் மேல் டெட்டாலும் அமிலமும் உண்டாக்கிய ரணம். எல்லாவற்றையும் மூடி மறைத்துக்கொண்டு ஸ்டீராய்டு களிம்பு. விரைப்பையின் தோல் மிக மெல்லியது. முன்கையோடு ஒப்பிட்டால் ஸ்டீராய்டை 40 மடங்குக்கு மேல் உறிஞ்சக்கூடியது என்று 1960-களிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். கைக்குப் போடும் வீரியத்தை அங்கே போட்டால் தோல் இன்னும் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், பூஞ்சை அடங்கியது போல் காட்டிக்கொண்டு பரவும். வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்புகளை 2018-ல் மத்திய அரசு மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் அவை எப்படி இவ்வளவு எளிதாகக் கிடைக்கின்றன என்பது ஒவ்வொரு டியூபையும் பார்க்கும்போது எனக்கு வரும் ஆதங்கம்.

சிகிச்சை

முதலில் நிறுத்த வேண்டியவை. களிம்பு, டெட்டால், சோப்பு, மிச்சமிருந்த ஆன்டிபயாடிக், அக்கானி. களிம்பை நிறுத்தினால் சில நாள் சிவப்பும் எரிச்சலும் கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் அதே டியூபை எடுப்பார்கள்.

கழுவ வெறும் தண்ணீர், தினம் இரண்டு முறை. கழுவி, பருத்தித் துணியால் ஒத்தி எடுத்து, விலக்கிய தோலைக் கட்டாயம் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். பின்னாலேயே விட்டால் அது இறுகி, மொட்டு வீங்கி, அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியிருக்கும். தோல் முழுதாக வரவில்லை என்றால் வலுக்கட்டாயமாக இழுக்கக் கூடாது. குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு இரண்டு வேளை, இரண்டு வாரம். ஃபுளூக்கோனசோல் 150 மி.கி. ஒரே ஒரு தடவை. உரிந்த தோலுக்கு வாசலின் மெல்லிய பூச்சு. சிறுநீர் கழிக்கும் முன் வெடிப்பின் மேல் கொஞ்சம் தடவிக்கொண்டால் எரிச்சல் உடனே குறையும். தளர்வான பருத்தி உள்ளாடை, வேலைக்கு நடுவில் மாற்றிக்கொள்ள இன்னொன்று.

டாபாகிளிஃப்ளோசினை நானாக நிறுத்தவில்லை. எழுதிய மருத்துவரிடம் போனில் பேசினேன். இதய எக்கோ, கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் எல்லாம் இயல்பு. சர்க்கரைக்காக மட்டுமே கொடுத்தது. அதனால் அதை நிறுத்திவிட்டு சிட்டாகிளிப்டின் என்ற வேறு சர்க்கரை மாத்திரைக்கு மாற்ற இருவரும் ஒத்துக்கொண்டோம். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ கொடுத்திருந்தால் மருந்தைத் தொடரவிட்டு, பூஞ்சைக்கு மட்டும் சிகிச்சை செய்திருப்போம். நோயாளிகள் தாங்களாக நிறுத்திவிடுவதுதான் இதில் ஆபத்து.

மனைவியை அழைத்துவரச் சொன்னேன். பெண் மருத்துவர் ஒருவர் அவரோடு தனியாகப் பேசினார். அவருக்கும் ஒரு மாதமாக அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் மருந்து. துணைக்குத் தொந்தரவு இருந்தால் மட்டும் சிகிச்சை போதும், இல்லாவிட்டால் தேவையில்லை. பிறகு இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். "இது தப்பான தொடர்பால வந்ததில்ல. உங்க வீட்டுக்காரர் சாப்பிட்ட சர்க்கரை மாத்திரையோட பின்விளைவு. ரிப்போர்ட் எல்லாம் இங்க இருக்கு, பாருங்கம்மா." அந்த அம்மாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். "இதை மொதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்று கணவரிடம் மட்டும் கேட்டார்.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

இவருக்கு ஒத்துப்போன விடை எல்லாருக்கும் பொருந்தாது. நான் முதலில் ஒதுக்கிப் பார்த்தது மருந்து ஒவ்வாமையால் ஒரே இடத்தில் வரும் கருஞ்சிவப்புத் திட்டு. கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், வலி மாத்திரைகள், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை சிலருக்கு மொட்டில் வட்டமாக, ஊதா கலந்த சிவப்பில் திட்டைக் கிளப்பும். அதே மாத்திரையை அடுத்த முறை சாப்பிட்டால் சில மணி நேரத்திலேயே அதே இடத்தில் திரும்ப வரும். ஆறினால் கருத்த தழும்பு. இதையும் பால்வினை நோய் என்று நினைத்துப் பயந்து வருபவர்கள் உண்டு. "இது வர்றதுக்கு முந்தின நாள் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்ற கேள்விதான் இதைக் காட்டிக்கொடுக்கும். இவருக்கு வட்டத் திட்டும் இல்லை, விட்டுவிட்டு வந்த வரலாறும் இல்லை.

சீழ் வடிந்து உள்ளே எரிந்தால் கொனோரியா, கிளமிடியா. உறவுக்குப் பின் முதலாவது சில நாளிலேயே காட்டும், இரண்டாவதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். இருவருக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்து உடைந்தால் ஹெர்பிஸ். ராத்திரியில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் சிரங்கு. தோல் வெளுத்துச் சுருங்கி இறுகினால் லைக்கன் ஸ்கிளிரோசஸ். அதற்குத் தோல் மருத்துவர் பார்த்துத் தரும் ஸ்டீராய்டே மருந்து, களிம்பே ஆகாது என்று எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. தூத்தூர், தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் நல்ல தண்ணீர் அளவாகத்தான் இருக்கும். குறைவாகக் குடித்து, உப்பு காய்ந்த துணியோடு வேலை செய்து வரும் உரசல் புண்ணுக்கு நன்னீர்க் குளியலும் வாசலினும் போதும். மாதக்கணக்கில் ஆறாத புண், கெட்டியான தடிப்பு, தோலுக்கு அடியில் நாற்றத்தோடு கசிவு என்றால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆணுறுப்பில் புற்றுநோயும் வரும். வெட்கத்தால் மறைத்து வைத்துத் தாமதமாக வருவதால்தான் உறுப்பை இழக்கிறார்கள்.

சில நிலைகளில் கிளினிக்கைத் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாது, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கே போய்விட வேண்டும். குளிர் காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் அடைப்பு, ரத்தம், விலக்கிய தோல் திரும்பாமல் வீங்குவது, விரையில் திடீரென்று கடும் வலி ஆகியவை அப்படிப்பட்டவை. எல்லாவற்றையும் விட, சர்க்கரை உள்ளவருக்கு விரைப்பையும் அதன் பின்புறமும் வீங்கிக் கறுத்து, பார்வைக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தால் அது ஃபோர்னியர் அழுகல். அதில் மணிக்கணக்கு முக்கியம். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளோடு இது அரிதாக வரலாம் என்று 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

பின்பு

எரிச்சல் நாலைந்து நாளில் பெருமளவு நின்றது. நடுவில் சொன்னபடியே சிவப்பு கூடி இறங்கியது. இரண்டு வாரத்தில் வெடிப்புகள் மூடின, மைக்ராஸ்கோப்பில் ஈஸ்ட் இல்லை. புது மருந்தில் சிறுநீர்ச் சர்க்கரையும் இல்லை. ஷீட் அடிக்கும் கொட்டகையில் அமிலம் ஊற்றுபவர்களுக்குக் கையுறையும், கை கழுவத் தனி வாளியும் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

முன்தோலில் கொஞ்சம் இறுக்கம் மிச்சமிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்தால் சுன்னத்து செய்ய வேண்டிவரலாம் என்று சொன்னதும், "இந்த வயசிலயா டாக்டரே?" என்று கேட்டார். மருத்துவக் காரணத்துக்கு எந்த வயதிலும் செய்வது உண்டு, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள் என்று விளக்கினேன். இப்போதைக்குத் தேவையில்லை. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுக்கும்போது தோலையும் பார்த்துவிட்டு அறுவை மருத்துவரிடம் அனுப்புவதா என்று முடிவு செய்வோம்.